தொட்டியடிக் கீழாநெல்லி

எங்கள் தெருவில் உள்ள மாதா கோயில்காரர்களெல்லாம் வாரம் ஒருமுறை கூடிச் செபம் சொல்வோம். அன்பியம் என்று அதற்குப் பெயர். அந்தக் கூட்டத்தில் யாருக்காவது கண் மஞ்சளாகத் தெரிந்தால் இப்போதெல்லாம் என் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுகிறார்கள். "யக்கா, நீ கீழாநெல்லி குடிச்சியாமே, நல்லதா கெட்டதா? ஒரே வார்த்தையில சொல்லு" என்கிறார்கள். ஒரே வார்த்தையில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பத்தாவது வரை படித்தவள் நான். தெரிந்த அளவில் நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு அவரவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

மே மாதம் மாதா சுரூபத்தை, அதாவது சிலையை, வீடு வீடாகக் கொண்டுவருவார்கள். அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று சாம்பிராணி வாசம் எனக்கு ஆகவில்லை. குமட்டியது. செபமாலை முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலில் இருந்தேன். எல்லோரும் சுண்டல் வாங்கிக்கொண்டு போன பிறகு கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். வெயில் சூடு என்றார் என் வீட்டுக்காரர். அவர் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவர். எதையும் சூடு, குளிர்ச்சி என்று இரண்டே பத்தியில் போட்டுவிடுவார். சில நாள் கழித்து என் முகத்தை டியூப் லைட்டுக்கு நேராகத் திருப்பி, கண் இமையை இழுத்துப் பார்த்தவர் சட்டையை எடுத்து மாட்டினார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனை. பேர் வேண்டாம். ரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் பசை தடவி ஸ்கேன் எடுத்தார்கள். எங்களைப் பார்த்த டாக்டரம்மா சின்ன வயசு. பேசும்போது பேனா மூடியைக் கடிப்பார். அவர் விளக்கிய விதத்தை அப்படியே சொல்கிறேன். கல்லீரல் என்பது கோடிக்கணக்கான சின்னச் சின்ன அறைகளால் ஆனது. அந்த அறைக்கு செல் என்று பெயர். தண்ணீர் வழியாக வந்த ஒரு கிருமி அந்த அறைகளைக் கெடுக்கிறது. அறை உடைந்தால் உள்ளே இருக்க வேண்டிய சரக்கு ரத்தத்தில் சிந்திவிடும். எவ்வளவு சிந்தியிருக்கிறது என்று பார்ப்பது ஒரு சோதனை. ரத்தத்தில் மஞ்சள் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்ப்பது இன்னொன்று. அடிபட்டால் ரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருளைச் செய்வதும் கல்லீரல்தான். அதனால் ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது மூன்றாவது.

"இந்த மூணாவதுதான்மா முக்கியம். இது கூடுச்சுன்னாத்தான் நான் பயப்படுவேன். இப்போதைக்கு பயமில்ல. இந்தக் கிருமிக்குன்னு மருந்து கிடையாது. கல்லீரல் தானே தன்னைச் சரிபண்ணிக்கும். நாம அதைத் தொந்தரவு பண்ணாம இருந்தா போதும்" என்றார்.

வாந்தி நிற்காததால் படுக்கையில் சேர்த்தார்கள். நோயை எழுதிக்கொண்ட நர்ஸ், "நாட்டு மருந்து எதுவும் சாப்புட்டீங்களா?" என்று கேட்டது. என் வீட்டுக்காரர், "இல்லம்மா" என்றார். அன்றைக்கு அது உண்மைதான்.

என்னால் படுக்க முடியவில்லை. மஞ்சள் காமாலையின் அரிப்பு பட்டவர்களுக்குத்தான் தெரியும். கொசுக்கடி மாதிரி ஓரிடத்தில் இல்லை. தோலுக்கு அடியில் எங்கேயோ அரிக்கும், கை அங்கே எட்டாது. உட்காருவேன், எழுவேன், வராந்தாவின் கடைசி வரை போவேன், திரும்புவேன். குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பியையும் கூடவே உருட்டிக்கொண்டு போவேன். சீப்பால் சொறிந்தேன். ஒருமுறை செபமாலையின் சிலுவை முனையாலேயே முழங்கையைச் சொறிந்துவிட்டேன். மாதா பார்த்திருப்பாள். மன்னித்துமிருப்பாள்.

பக்கத்துக் கட்டிலில் எரியோடு ஊர்க்காரப் பெரியம்மா ஒருவர். பித்தப்பையில் கல். முருங்கைத் தோட்டம் வைத்திருக்கிறவர். நான் நடப்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்குத் தலை சுற்றிவிட்டது.

"ஏத்தா, செத்த நேரம் உக்காரு. நீ நடக்குற நடைக்கு இன்னேரம் வேடசந்தூரு போயிருக்கலாம்."

"முடியலியே பெரியம்மா. அரிக்குது."

"உன்னைப் பாத்தா மஞ்சத்தண்ணி ஊத்துன மாரியாத்தா கணக்கா இருக்கு. ரெண்டு வேப்பிலைதான் குறை."

"நான் மாதா கோயில்காரி பெரியம்மா."

"அவளும் ஆத்தாதான, இவளும் ஆத்தாதான. யாரு கூப்புட்டா வாராளோ அவளைக் கூப்புடு."

இரண்டாவது ரத்தச் சோதனையில் எண்கள் கொஞ்சம் இறங்கியிருந்தன. டாக்டரம்மா சிரித்தார். இன்னும் கொஞ்ச நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அப்போதுதான் என் தம்பி சூசை வந்தான்.

எனக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான். கன்னிவாடிக்குக் கிழக்கே மல்லிகை போட்டிருக்கிறான். விடியுமுன் மொட்டுப் பறித்து, டூவீலரில் கட்டி, திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் போட்டுவிட்டுத் திரும்புவான். எனக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும் மார்க்கெட்டிலிருந்து நேராக வந்துவிட்டான். சட்டையெல்லாம் மல்லிகை வாசம். என் கண்ணைப் பார்த்தவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"ஊசி மருந்தெல்லாம் சும்மாக்கா. காமாலைக்கு கீழாநெல்லிதான். நான் கொண்டாரேன்."

"டாக்டரு திட்டும்டா."

"அதுக்கு எதுக்குச் சொல்லுற? மோருன்னு சொல்லு."

கீழாநெல்லி எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த செடி. சாணளவு உயரம், இலைக்கு அடியில் வரிசையாகக் குண்டூசித்தலை மாதிரி காய்கள். வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். சாப்பாட்டில் உப்பு இல்லை, எண்ணெய் இல்லை. என் அம்மாவுக்கு ஒருமுறை காமாலை வந்தபோது அதைத்தான் கொடுத்தோம், பிழைத்தாள். ஆகவே எனக்கும் மறுப்பு இல்லை. சூசை தினமும் செடியைப் பிடுங்குமுன் முழங்காலில் நின்று ஓர் 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்வானாம். பூ போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குப் போய், அவன் கையாலேயே அம்மியில் அரைத்து, பிளாஸ்க்கில் ஊற்றிக் கொண்டுவருவான். ஒரு ஆண்பிள்ளை அம்மியில் உட்கார்ந்து அரைப்பதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி கேலி செய்தாளாம். "எங்கக்காளுக்கு நான் அரைக்காம ஒங்க வீட்டுக்காரரா வந்து அரைப்பாரு?" என்று கேட்டுவிட்டு மேற்கொண்டு அரைத்தானாம்.

கசப்பு என்றால் அப்படியொரு கசப்பு. குடித்த கொஞ்ச நேரத்தில் வாயெல்லாம் எச்சில் ஊறும். வயிறு முறுக்கும். சில நாள் வாந்தி. சூசை சந்தோஷப்படுவான். "வேலை செய்யுதுக்கா. பித்தத்தைப் பிடிச்சு இழுக்குது."

அடுத்த சோதனையில் எண்கள் ஏறியிருந்தன. அதற்கடுத்ததில் இன்னும் ஏறின. மூன்றாவது சோதனை இருக்கிறதே, ரத்தம் உறைகிற நேரம், அதுவும் கூடியது. ஊசி குத்திய இடத்தில் பஞ்சு வைத்தால் பஞ்சு முழுக்க நனைந்தது. டாக்டரம்மா காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் வர ஆரம்பித்தார். பேனா மூடியைக் கடித்தபடி காகிதங்களை முன்னும் பின்னும் புரட்டுவார்.

"இறங்க வேண்டிய நேரத்துல ஏறுது. எனக்குப் புரியல" என்றார். டாக்டரே அப்படிச் சொன்னால் நோயாளி எதைப் பிடித்துக்கொள்வது?

அன்று முதல் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. செபமாலையை எடுப்பேன், இரண்டாவது மணியிலேயே மனம் ஓடிவிடும். கஞ்சி அடுப்பில் வைத்த ஞாபகம் வரும், வீட்டில் இல்லையே என்ற நினைப்பு வரும். பில் எப்படிக் கட்டுவார் என்று அவர் முகத்தைப் பார்ப்பேன். அவரோ என் கால்மாட்டில் உட்கார்ந்து ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அப்படித் துடைத்தால் அரிப்பு கொஞ்சம் அடங்கும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என் காலைத் தொட்டது அப்போதுதான். "விடுங்க, யாராச்சும் பாப்பாங்க" என்றால், "பாத்தா என்ன, கூலியா கேக்கப் போறேன்?" என்பார்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, கோயில் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். அது நினைவுக்கு வந்து அழுதேன்.

பிறகு ஒரு காலை டாக்டரம்மா எல்லோரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். நானும் பிடிவாதமாக எழுந்து போனேன். என் உயிரைப் பற்றிய பேச்சு, நான் கேட்க வேண்டாமா? சூசை அப்போதுதான் பிளாஸ்க்கைக் கொடுத்துவிட்டு நின்றிருந்தான். இன்னும் இரண்டு நாளில் ரத்தம் உறைகிற நேரம் குறையாவிட்டால் மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்றார் டாக்டரம்மா. அங்கேயும் முடியாத நிலை வந்தால், நெருங்கின சொந்தக்காரர் ஒருவரின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து வைக்கலாமா என்று யோசிக்க வேண்டி வரும். இப்போதே யாரையும் பயமுறுத்தவில்லை, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி, கொடுக்க முடியாது. அவர் தலை குனிந்தார். சூசை முன்னால் வந்து சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினான்.

"என் ஈரலை எடுத்துக்கங்க டாக்டரம்மா. பாதி என்ன, முழுசா எடுங்க. குடியில்ல, பீடியில்ல. இம்புட்டு நாளும் அக்காளுக்கு மருந்து கொண்டாந்து குடுக்குறதே நாந்தான். இதைக் குடுக்க மாட்டனா?"

"என்ன மருந்து?"

சூசை சட்டையை இறக்கினான். என் வீட்டுக்காரர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் நான் சொன்னேன். "கீழாநெல்லிங்க டாக்டரம்மா."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. எப்போதிருந்து என்றுதான் கேட்டார். கையிலிருந்த காகிதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். குடித்தால் என்ன செய்கிறது என்று கேட்டார். எச்சில் ஊறுவதையும் வயிறு முறுக்குவதையும் சொன்னேன். டார்ச் அடித்து என் கண்மணியைப் பார்த்தார்.

"கீழாநெல்லி கெட்ட செடி இல்லம்மா. அதுல இருக்கிற சத்தைப் பிரிச்செடுத்து, கல்லீரல் செல்லைக் காப்பாத்துமான்னு பெரிய பெரிய இடத்துல ஆராய்ச்சி பண்றாங்க. ஆனா கீழாநெல்லி குடிச்சா இப்படி எச்சில் ஊறாதே." சூசையிடம் திரும்பினார். "அண்ணே, எங்க பறிக்கிறீங்க?"

சூசைக்குத் தைரியம் வந்தது. "இந்த வெயில்ல காட்டுல எங்கயும் இல்லீங்க. கருகிப் போச்சு. என் தோட்டத்துல மட்டுந்தான் கிடக்கு. அதுலயும் பூச்செடிக்கு ஊடால இருக்குறதைத் தொடவே இல்லீங்க. மொட்டுப்புழுவுக்கு மருந்தடிக்கிற இடம். அது தெரியாதா எனக்கு? தள்ளிப் போயி மோட்டார் தொட்டியடியில பறிச்சேன். தண்ணி சிந்திச் சிந்தி அங்க பச்சப்பசேல்னு முழங்கால் ஒசரம் நிக்கிது."

"நல்லாக் கழுவுவீங்களா?"

"இல்லீங்க. வேரோட மண்ணைத் தட்டிட்டு அப்படியே அரைக்கணும். கழுவுனா வீரியம் போயிரும்பாங்க."

"மருந்தடிக்கிறீங்கள்ல, அந்த மருந்தை எங்க வச்சுத் தண்ணியில கலக்குவீங்க?"

"தொட்டிக்..."

சொல்லும்போதே அவனுக்கு விளங்கிவிட்டது. மருந்தடித்து முடித்ததும் ஸ்பிரேயரை எங்கே கழுவுவான் என்று அடுத்து யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. பூந்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எனக்கே தெரியும். தொட்டிக்குப் பக்கத்தில்தான் கலக்குவார்கள், தொட்டிக்குப் பக்கத்தில்தான் கழுவி ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீர் முழுக்க அந்தச் செடிக்குத்தான் போகும். பூச்செடியில் விழுவது மூடுபனி என்றால் அங்கே விழுவது மழை. மருந்து படாத இடம் என்று அவன் தேடிப் பிடித்த இடம் அது.

"அதனாலதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "எச்சில் ஊறுறதும் வயிறு முறுக்குறதும் பூச்சிமருந்துக்கு வர்றது. அது உடம்புல போயிருக்கான்னு ரத்தத்துல பாக்க ஒரு சோதனை இருக்கு. ஆனா கல்லீரல் கெட்டிருந்தாலே அதுவும் தப்பாக் காட்டும். கிருமியே இப்படிச் சிலருக்குப் பண்றதும் உண்டு. இன்னைக்கோட நிறுத்துவோம். ரெண்டு நாள் பாப்போம்."

திரும்பிப் பார்த்தால் சூசை இல்லை. படியிறங்கிப் போய்விட்டான். என் வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடினார். வண்டியையும் எடுக்காமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போய்விட்டதாக வந்து சொன்னார். பிளாஸ்க்கில் இருந்ததை நர்ஸ் வாங்கிக் கொட்டியது.

அந்த இரண்டு நாளை என்னால் சரியாக எழுத முடியவில்லை. முதல் நாள் சோதனையில் மாற்றமே இல்லை. "ஏறலேல்ல? ஏறாததே ஒரு நல்லதுதான்" என்றார் பெரியம்மா. நான் வராந்தாவில் நடந்தேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் சூசை பிழைக்க மாட்டான் என்று தோன்றிவிட்டது. அதற்கு முன்னால் சாவுக்குப் பயந்தேன். இப்போது செத்தால் அவனும் போவான் என்று பயம். மாதாவிடம் நான் எனக்காகக் கேட்பதை நிறுத்திவிட்டேன். "தாயே, அவன் உன் பேரைச் சொல்லித்தானே பிடுங்கினான்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். செபமா சண்டையா தெரியாது.

சாயங்காலம் அவன் மனைவி செல்வி போன் செய்தாள்.

"மதினி, இவரு பறிக்க வந்த ஆளுகளைத் திருப்பி அனுப்பிட்டாரு. பூவெல்லாம் செடியிலயே விரிஞ்சு கிடக்கு. தோட்டத்துக்குள்ள போறதுமில்ல, சோறு திங்கிறதுமில்ல. நீங்க ஒரு வார்த்தை பேசுங்க."

மல்லிகை மொட்டாக இருக்கும்வரைதான் காசு. விரிந்துவிட்டால் குப்பை. ஒரு பூக்காரன் தோட்டத்தை விரிய விட்டான் என்றால் அந்த வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும். போனை அவனிடம் கொடுக்கச் சொன்னேன். வாங்கவே இல்லை.

மறுநாள் காகிதத்தோடு டாக்டரம்மா வந்தபோது முகத்திலேயே தெரிந்தது. ரத்தம் உறைகிற நேரம் குறைந்திருக்கிறது. கொஞ்சந்தான், ஆனால் குறைந்திருக்கிறது. மற்ற எண்களும் பின்னாலேயே இறங்க ஆரம்பித்தன. மஞ்சள் கடைசியாகத்தான் போகும், பொறுக்க வேண்டும் என்றார். அன்றைக்கு ஒரு மாத்திரையும் எழுதினார். ஏதோ குளிர்தேசத்து முள்செடி ஒன்றின் விதையிலிருந்து எடுத்த சத்தாம்.

என் வீட்டுக்காரருக்குச் சந்தேகம். "அதுவும் செடிதானங்க டாக்டரம்மா? இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?"

"செடிதான் சார். ஆனா இதுல என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு அளந்து போட்டிருக்காங்க. வேற எதுவும் கலந்திடக் கூடாதுன்னு பாக்குறாங்க. இதுவும் ஒண்ணும் அற்புதம் பண்ணாது. உடைஞ்ச செல்லை இது கட்டாது. மிச்சம் இருக்கிற செல்லுக்கு ஒரு வேலி மாதிரி இருக்கலாம்னு குடுக்குறோம். கட்டுறது உங்க வீட்டம்மாவோட கல்லீரல்தான்."

இதுதான் எனக்குத் தெரிந்த பதில். கீழாநெல்லியை நான் பழிக்க மாட்டேன். அது ஆண்டவர் படைத்த செடி. ஆனால் எந்த மண்ணில், எந்தத் தண்ணீரைக் குடித்து நின்றது என்று தெரியாமல் யாரும் அதை வாயில் வைக்காதீர்கள். டாக்டரிடம் மறைக்காதீர்கள். மோர் என்று பொய் சொல்லாதீர்கள். எங்கள் டாக்டரம்மாவுக்கு முதல் நாளே தெரிந்திருந்தால் என் தம்பி அந்த வராந்தாவில் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்க வேண்டாம்.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று பெரியம்மா என் கன்னத்தைத் தடவி, "மாரியாத்தா வெளுத்துட்டா" என்றார். ஆட்டோவில் ஏறியதும் வண்டியைக் கன்னிவாடிக்கு விடச் சொன்னேன்.

"கிறுக்கா உனக்கு? ஓய்வெடுக்கச் சொல்லிருக்காங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"அவனைப் பாக்காம எனக்கு ஓய்வு எங்க இருந்து வரும்?"

பாதி வழியில் இரண்டுமுறை ஆட்டோவை நிறுத்தி இறங்கி நின்றேன். குலுக்கல் உடம்புக்கு ஆகவில்லை. ஆனாலும் போனோம். செல்வி என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதாள். சூசை பின்வாசலில் நின்றான். தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்தான், என் கண்ணைப் பார்த்தான், உடனே தரையைப் பார்த்தான். கிட்டே வரவில்லை.

"பசிக்குதுடா" என்றேன்.

செல்வி சோறு வடித்து, ரசம் வைத்து, தொட்டுக்கொள்ள அவரைக்காய் வெஞ்சனம் செய்திருந்தாள். உப்பும் கொஞ்சம் எண்ணெயும் சேர்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு உப்புப் போட்ட சோறு. செல்வி கரண்டியை எடுத்தாள். நான் தட்டைக் கையால் மூடிக்கொண்டேன்.

"அவன் போடட்டும்."

"வேணாங்க்கா" என்றான் சூசை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "என் கையால இனிமே எதுவும் வேணாம்."

"அப்ப நான் பசியோடவே வண்டியேறுறேன்."

"போடுங்க மாப்ள. அவ கிளம்புனா கிளம்பிருவா. நான் எங்க போயிச் சோறு வாங்குறது?" என்றார் என் வீட்டுக்காரர்.

சூசை வந்து உட்கார்ந்தான். சோற்றைப் போட்டான். ரசத்தை ஊற்றினான். நான் கை வைக்கப் போனேன். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஒரு கவளத்தைக் கரண்டியால் அள்ளித் தன் உள்ளங்கையில் போட்டு வாயில் வைத்தான். வெஞ்சனத்திலும் கொஞ்சம். விழுங்கிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"நான் ஆக்குன சோத்துலயே சந்தேகமா உமக்கு?" என்றாள் செல்வி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"செத்த நேரம் பொறு" என்றான், அவளைப் பார்க்காமல்.

நாங்கள் எல்லோரும் பொறுத்தோம். அவன் தன் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, எதற்கோ காது கொடுப்பவன்போல இருந்தான். பிறகு தட்டை மெல்ல என் பக்கம் தள்ளினான். சோறு ஆறிப்போயிருந்தது. சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன்.